பன்னிரண்டாம் கேள்விக்கு விடை

கருமறை என்னும் வெள்ளாடு மூன்றாவது முறையாக வைத்தியப் பரீட்சைக்குக் கிளம்பியது.

அதுவே கடைசி முறையும்கூட. மூன்று முறை தோற்றவர்கள் மறுபடி வாசலை மிதிக்கக் கூடாது என்பது ஆலங்கரைக் காட்டின் சட்டம். வைத்தியப் பள்ளியின் முத்திரை கழுத்தில் தொங்காதவர்கள் யாருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். முத்திரை வாங்கியவர்கள் எல்லாரும் குளக்கரை நிழலிலேயே குடியிருந்தார்கள். கருமறை பிறந்த பாறைச்சரிவுக்கு ஒருவரும் ஏறி வந்ததில்லை. போன மழைக்காலத்தில் அங்கே மூன்று குட்டிகள் இருமி இருமியே செத்தன. ஆடாதோடை இலை பக்கத்துப் புதரிலேயே இருந்தது. பறித்துக் கொடுக்கத்தான் அனுமதி இல்லை. சட்டம் போட்டவர்களின் வீட்டில் யாரும் இருமியிருக்க மாட்டார்கள்.

"இந்தத் தடவை முத்திரை இல்லாமல் சரிவேற மாட்டேன்!" என்றது கருமறை.

"ஏறுவோம், ஏறுவோம். நான் கூட இருக்கிறேன்" என்றது கல்லன் ஆமை. அதற்கும் வைத்தியராக ஆசை. பரீட்சைக்கு நேரத்தோடு போய்ச் சேர அது ஒரு மாதம் முன்பே நடக்கத் தொடங்கியிருந்தது.

பள்ளி வாசலில் நரி சோதனைக்கு நின்றது. முதலில் அணில் மாட்டியது.

"முதுகில் என்னடா மூன்று கோடு? விடைக்குறிப்பா?"

"பிறந்ததிலிருந்தே இருக்கிறது ஐயா!"

"அப்படியென்றால் பிறந்ததிலிருந்தே திட்டம் போட்டிருக்கிறாய்! போ, முதுகில் சேறு பூசிக்கொண்டு வா!"

அடுத்தது புள்ளிமான். "எந்தப் புள்ளி எந்தக் கேள்விக்கு?" என்று கேட்டு நரி அதையும் சேற்றில் புரட்டியது. கருமறையின் தாடியைப் பார்த்ததும், "இதற்குள் எதை ஒளித்திருக்கிறாய்?" என்று பாதியைக் கடித்தே எடுத்துவிட்டது. கருமறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கழுத்தையே கேட்டாலும் இன்றைக்குத் திரும்பிப் போகப் போவதில்லை!

"ஏய் ஆமை! ஓட்டைக் கழற்று!"

"கழற்றிவிட்டால் உள்ளே வருவது நானில்லை ஐயா, என் பிணம்!" என்றது கல்லன்.

"விதி என்றால் விதி! மூடிய உடை ஆகாது!"

கல்லன் வாசலிலேயே நின்றுபோனது. "நீ போ தங்கச்சி. நமக்குச் சேர்த்து நீ எழுது" என்று தலையை மட்டும் நீட்டிச் சொன்னது.

அந்நேரம் வானத்தில் பச்சையாக ஒரு வரிசை வந்து வாசல் மரத்தில் இறங்கியது. மாந்தோப்புப் பயிற்சிக் கூடத்துக் கிளிகள்! நரி வளைந்து நெளிந்து வழிவிட்டது. அவற்றின் சிறகைத் தூக்கிப் பார்க்க அதற்குத் தோன்றவே இல்லை.

"ஒன்று ஆ! இரண்டு ஈ! மூன்று அ!" என்று கிளிகள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தன. அவற்றின் தலைவி பவளமூக்கி கருமறையை ஏற இறங்கப் பார்த்தது.

"எந்தத் தோப்பில் படித்தாய்?"

"தோப்பில் இல்லை அக்கா. மேய்ந்து படித்தேன்."

"ஐயோ பாவம்! ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கேள்வியைப் படித்து நேரத்தை வீணாக்காதே. அதன் நீளத்தைப் பார்த்தாலே விடை வந்துவிடும்!"

எல்லாரும் மருத மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பள்ளித் தலைவரான கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி அறிவித்தது:

"ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டம். சரியான வட்டத்தைக் கடித்து ஓட்டை போட வேண்டும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"

"வாயைத் திறக்காமல் எப்படி ஐயா கடிப்பது?" என்றது அணில்.

"பேசினால் வெளியேற்றம்! சீட்டு ரத்து!"

அணில் வாயைப் பொத்திக்கொண்டது.

வழக்கமாகத் தாமரை இலையில்தான் கேள்வி வரும். இந்த ஆண்டு கூட்டம் அதிகம். தாமரை இலை போதவில்லை. "கரையில் பெரிதாக எது இருந்தாலும் பறித்து வா" என்று கொக்கு சொல்ல, நரி கை நிறையப் பறித்துக் கொடுத்திருந்தது. ஒன்று மீன் தின்னி, இன்னொன்று கறி தின்னி. ஆயுளில் ஒரு இலையையும் கடித்துப் பார்க்காத இருவர் சேர்ந்து, காட்டுக்கே இலை பொறுக்கியிருந்தார்கள்!

கருமறையின் முன்னால் இலை வந்து விழுந்தது. முதல் கேள்வி தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. கண் கடகடவென்று கீழே ஓடியது. எல்லாமே தெரிந்தது! அதன் வால் தானாக ஆடியது.

கடிக்க வாயைக் கொண்டுபோனது. எந்த இலையையும் ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் ஆடு கடிக்கும். முகர்ந்தது. வால் நின்றுவிட்டது.

காட்டுச் சேம்பு!

பச்சையாகக் கடித்தால் நாக்கு அரிக்கும், தடிக்கும், தொண்டை அடைக்கும். ஒரு கடிக்கே அப்படி. இங்கே நூறு கேள்வி. கருமறை தாங்கிக்கொள்ளும். பிறகு புளியைத் தின்று சரிசெய்துகொள்ளும். பேசாமல் நூறு ஓட்டை போட்டால் முத்திரை நிச்சயம். ஆனால் பக்கத்தில் அணில் இருந்தது. அந்தக் கடுகளவு தொண்டை வீங்கினால் மூச்சு எங்கே போகும்?

பாறைச்சரிவு நினைவுக்கு வந்தது. அங்கேயும் எல்லாரும் சட்டத்துக்குப் பயந்து பேசாமல்தான் இருந்தார்கள்.

கருமறை எழுந்து நின்றது. "கடிக்காதீர்கள்! இது தாமரை இல்லை, சேம்பு! நாக்கு வீங்கிவிடும்!"

கிளிகள் விழுந்து விழுந்து சிரித்தன. "இலையைக் கண்டு பயப்படுகிற ஆட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறோம்!"

"வெளியே போ!" என்று கொக்கு கத்தியது. "மூன்றாம் முறையும் தோல்வி என்று எழுதுங்கள்!"

அணில் மட்டும் கருமறையைப் பார்த்தது, இலையைப் பார்த்தது, இலையை மெல்லக் கீழே வைத்தது.

நரி கருமறையைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே விட்டது.

"என்ன தங்கச்சி, அதற்குள் எழுதிவிட்டாயா?" என்றது கல்லன்.

"பேசிவிட்டேன் அண்ணே" என்றது கருமறை. பாறைச்சரிவில் போய் என்ன சொல்வது?

உள்ளே கடக், கடக் என்று ஓட்டை விழும் சத்தம். கிளிகள்தான் வேகம். பாதிப் பரீட்சையில் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. பிறகு மருத மரமே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல்!

கருமறை நரியைத் தாண்டி உள்ளே குதித்தது. மான் நாக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தது. கிளிகளின் கறுத்த நாக்கு அலகுக்குள் அடங்காமல் தடித்திருந்தது. விடைத்தாளுக்கு மாதிரி ஓட்டை போட்டிருந்த கொக்கும் நீண்ட கழுத்தை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரித் தாளை பல்லில் கவ்வி வந்த நரிக்கும் வாயில் நுரை தள்ளியது.

"பன்னிரண்டாம் கேள்வி என்ன?" என்று கருமறை கேட்டது.

"இ! பன்னிரண்டுக்கு விடை இ!" என்று எல்லாக் கிளிகளும் குழறின.

"இ என்றால் என்ன?"

கிளிகள் ஒன்றையொன்று பார்த்தன. யாருக்கும் தெரியவில்லை. பவளமூக்கி தன் இலையை இழுத்து வைத்து, வாழ்நாளில் முதல் முறையாகக் கேள்வியைப் படித்தது. 'நாக்கு அரித்துத் தொண்டை வீங்கினால் மருந்து எது? இ. புளி.'

"புளியாம்! புளி எங்கே கிடைக்கும்?"

"நீங்கள் வந்து இறங்கினீர்களே, வாசலில், அந்த மரத்தில்!"

கருமறை ஓடிப்போய்ப் புளியமரத்தின் சாய்ந்த கிளையில் ஏறிக் குதித்தது. அணில் உச்சிக்குப் போய்க் கொத்துக் கொத்தாக அறுத்துப் போட்டது. கல்லன் கீழே ஓட்டால் பழத்தை நசுக்கி நசுக்கி உடைத்தது.

"நிறுத்து!" என்று நரி நுரையோடு கத்தியது. "முத்திரை இல்லாதவள் மருந்து கொடுக்கக் கூடாது! சட்டம்!" உடனே நாக்கைச் சொறிந்துகொண்டது. "சட்டம் கிடக்கட்டும். எனக்கு முதலில் கொடு!"

"வரிசையில் வா. சின்னத் தொண்டைக்குத்தான் முதலில்" என்றது கருமறை.

எல்லாரும் புளியைச் சப்பினார்கள். அரிப்பு மெல்ல அடங்கியது. கொக்குக்குப் பேச்சு வந்தது. வந்ததும் அது சொன்ன முதல் வார்த்தை: "ஆட்டின் இலையில் ஓட்டையே இல்லை. மதிப்பெண் சுழி."

அதைக் கேட்டதும் கல்லன் நடந்து வந்து, வாசலுக்கு நடுவில் உட்கார்ந்து, தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. "கருமறைக்கு முத்திரை கிடைக்கிறவரை ஆமை அசையாது!" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அதன் பக்கத்தில் அணில் உட்கார்ந்தது. மான் உட்கார்ந்தது. கடைசியில், யாரும் எதிர்பாராமல், பவளமூக்கி தன் இலையைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தது.

"ஐயா! பன்னிரண்டாம் கேள்விக்கு நாங்கள் இலையில் விடை போட்டோம். அவள் எங்கள் வாயில் போட்டாள். எது சரி என்று நீங்களே உங்கள் தொண்டையைக் கேளுங்கள்!"

கொக்கு காலை மாற்றி நின்று பார்த்தது. வாசலை அடைத்த கூட்டம் பெருகிக்கொண்டே போனது. அதற்குத் தொண்டையில் மறுபடி கொஞ்சம் அரித்தது. அசடு வழியக் கருமறையின் பக்கம் திரும்பியது. "இன்னும் ஒரு சுளை... இருக்குமா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கருமறையும் பாதித் தாடி ஆட ஆடச் சிரித்துவிட்டுச் சுளையைக் கொடுத்தது.

அன்றைக்கே முத்திரை கருமறையின் கழுத்தில் ஏறியது. மறு ஆண்டிலிருந்து இலையைக் கடிக்கும் பரீட்சை போய், நோயாளியைக் காட்டி, "இவருக்கு என்ன செய்வாய்?" என்று கேட்கும் பரீட்சை வந்தது. கல்லன் ஓட்டோடேயே உள்ளே போய்த் தேறியது. கருமறை பாறைச்சரிவுக்கு முத்திரையோடு ஏறிப் போனது. இலையை முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று பவளமூக்கியும் அதன் கொம்பில் உட்கார்ந்து கூடவே போனது. அந்த மழைக்காலத்தில் சரிவெங்கும் குட்டிகளின் கும்மாளம்தான் கேட்டது.

நோயாளியின் முன்னால் உதவாத விடை எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் அறிவாகாது, உயிரைக் காக்கத் தெரிந்தவரை வெளியே நிறுத்தும் வாசலை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் திறக்க வேண்டும்.