அழகிரி எடுத்துப் போன இரும்பு

அழகிரிக்கு நாற்பத்தொரு வயது. அவருக்கு வெல்டிங் கற்றுக் கொடுத்த சகாயராணிக்கு முப்பத்து மூன்று. அழகிரி அவரை ‘டீச்சர்’ என்பார். அவர் அழகிரியை ‘அண்ணே’ என்பார். இதில் யாருக்கு யார் பெரியவர் என்று கொட்டகையில் யாரும் கேட்டதில்லை.

கொட்டகை, துவாக்குடித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் பல வருஷம் உழைத்துவிட்டு, இப்போது டீச்சர் அங்கே பிறருக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். நெருப்போடு அவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியவருக்குக் கோபமே வராது என்பது ஓர் ஆச்சரியம்தான். கேலிதான் வரும்.

அழகிரி அதற்கு முன் ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தார். கடையை மூடிவிட்டார்கள். வேறு ஜவுளிக் கடை திருச்சியில் இல்லாமலா போய்விட்டது? ஆனால் ஒருநாள் அந்தக் கொட்டகை வழியாக நடந்தபோது உள்ளே நெருப்பு பறப்பதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் நின்றார். நின்றவர் மறுநாளும் வந்தார். ஆசைக்கு வயசு என்ன வயசு.

கற்றுக்கொண்டார். நன்றாகவே கற்றுக்கொண்டார். பட்டுச் சேலையைக் கசங்காமல் மடித்துப் பழகிய கை, வெல்டிங் ராடைப் பிடித்தாலும் நடுங்கவில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும் ஒரே கேள்வி.

“எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு?”

“இனிமேதான் சார்.”

“அப்புறம் பாக்கலாம்.”

அந்த ‘அப்புறம்’ எந்தக் கிழமையில் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் மச்சான் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஏடிஎம் வாசலில் காவல் வேலை. உட்கார நாற்காலி உண்டு, வெயில் படாது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலையில் ஒரு குறையும் இல்லை. அழகிரிக்குத்தான் அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நெருப்பைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு ஏசி காற்று என்னத்துக்கு ஆகும்?

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. பழகி முடித்தவர்கள், தாங்கள் போட்டதிலேயே நல்ல பீஸ் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். இரண்டு இரும்புத் தகடுகளை விளிம்போடு விளிம்பு வைத்து, வரிமேல் வரியாக வெல்டு போட்டு ஒன்றாக்கிய பீஸ். வேலை கேட்டுப் போகும்போது அதைத்தான் காட்டுவார்கள்.

அழகிரி தன் பீஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தார். அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவி, ஜரிகை ஓரம் வைத்த ஒரு ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். வாசலில் நின்று அவர் அதைப் பிரித்துக் காட்டும் அழகே தனி. பார்ப்பவருக்கு இரும்பு வாங்க வந்திருக்கிறோமா, முகூர்த்தப் பட்டு வாங்க வந்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

புதன்கிழமை ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்கே. யார் போட்டுக் குடுத்தது?”

“நான்தான் சார்.”

“சரி சரி” என்று சிரித்தபடி பீஸைத் திருப்பிக் கொடுத்தார் சூப்பர்வைசர். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக நேரடியாகத் திட்டியிருக்கலாம்.

அழகிரி நேரே கொட்டகைக்கு வந்தார். டீச்சர் ஒரு கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், வேலை செஞ்சாத்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தாத்தான் வேலை குடுப்பாங்களாம். இதுக்கு எந்தப் பக்கமா உள்ள நுழையறது?”

டீச்சர் கேபிளை ஆணியில் மாட்டினார்.

“பீஸக் குடுங்கண்ணே.”

கொடுத்தார். டீச்சர் துணியைப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார்.

“தேங்கா எண்ணெயா?”

“துருப் பிடிக்காம இருக்கும்ல.”

“வகிடு எடுத்துப் பவுடர் போடலயா?”

பக்கத்தில் ராடு அடுக்கிக்கொண்டிருந்த பிரிட்டோ சிரித்தான். அவனும் அங்கே பழகுகிறவன்தான். அழகிரி சிரிக்கவில்லை.

“மேல அழகா இருக்குண்ணே” என்றார் டீச்சர், கேலி இல்லாமல். பிறகு பீஸை வைஸின் இரும்புத் தாடைக்குள் வைத்து இறுக்கினார். வாள் பிளேடை எடுத்து, வெல்டு வரியின் இரண்டு நுனியிலும் அறுக்க ஆரம்பித்தார்.

“டீச்சர்! என்ன பண்றீங்க?”

வரியின் முதுகிலும் நீளமாக ஒரு கோடு அறுத்துவிட்டார். பிளேடை வைத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தார்.

“டீச்சர், அது என்னோட—”

அடி விழுந்தது. இன்னோர் அடி. பீஸ் வரியோடு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தரையில் போய் விழுந்தது.

அழகிரிக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. கையில் இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. இந்த அம்மாளை நம்பி வந்தோமே என்று வாய்வரை வந்ததை விழுங்கினார்.

டீச்சர் கீழே கிடந்த பாதியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“உடைஞ்ச பக்கத்தப் பாருங்க.”

“என்னத்தப் பாக்கறது? அதான் உடைச்சாச்சே.”

“அறுத்துட்டு அடிச்சா நல்ல வெல்டும் உடையத்தான் செய்யும். உடைஞ்சத விடுங்க. உள்ள பாருங்கண்ணே.”

பார்த்தார். உடைந்த முகம் வெல்லக்கட்டியை உடைத்ததுபோல மணிமணியாக, ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. ஓர் இடத்தைத் தவிர. அங்கே விரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு கீற்று.

“அது என்னது?” என்று கேட்டார் டீச்சர்.

“கசடு.”

“எப்படி உள்ள போச்சு?”

அழகிரி யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“ஒரு வரி போட்டதும் மேல படியற கசடத் தட்டி எடுத்துட்டுத்தான் அடுத்த வரி போடணும். அந்த இடத்துல சரியா வரல. அப்படியே மேல போட்டுட்டேன்.”

“தெரியாமலா?”

அழகிரி அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டினார்.

“தெரிஞ்சுதான் டீச்சர். மேல ஒரு வரி போட்டா மூடிடும்னு…”

“மூடிடுச்சு” என்றார் டீச்சர்.

ஜவுளிக் கடையில் சேலை ஓரத்தில் நூல் இழுத்திருந்தால், அந்த மடிப்பை உள்பக்கமாகத் தள்ளி விரிப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை தானாகவே செய்யும். அன்றைக்கும் கைதான் செய்தது என்று அழகிரிக்கு இப்போது புரிந்தது. புரிந்ததில் முகம் சுட்டது.

“நாளைக்கு வேற பீஸ் போட்டு எடுத்துட்டுப் போறேன் டீச்சர்.”

“எதுக்கு? இதையே எடுத்துட்டுப் போங்க.”

“உடைஞ்சதையா? வாசல்லயே விரட்டிடுவாங்க.”

“இத்தன நாளும் உள்ள கூப்பிட்டு காப்பி குடுத்தாங்களா?”

அழகிரி இரண்டு பாதிகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் கிளம்பும்போது பிரிட்டோ பின்னாலேயே ஓடி வந்தான். தன் பீஸை அவர் பையில் திணித்தான்.

“அண்ணே, எனக்கு அடுத்த மாசம்தான் வேணும். நீங்க காட்டிட்டுக் குடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

நல்ல மனசு அவனுக்கு. அழகிரியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை என்பதே சரி.

வியாழக்கிழமை காலையில் அவர் போன இடம், பெரிய தொட்டிகளும் குழாய்களும் செய்யும் ஒரு பட்டறை. அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் மணவாளன். ஒல்லி மனிதர். காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லோரிடமும் கத்திப் பேசுவார்.

“எக்ஸ்பீரியன்ஸ்?” என்று கத்தினார்.

“இல்ல சார்!” என்று அழகிரியும் கத்தினார். வாசலில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

“பீஸ் இருக்கா?”

அழகிரி பைக்குள் கையை விட்டார். கைக்கு முதலில் தட்டுப்பட்டது பிரிட்டோவின் பீஸ். நல்ல பீஸ். வழவழவென்று இருந்தது. எடுத்து நீட்ட வேண்டியதுதான் பாக்கி. விரல்கள் அதைப் பிடித்தும் விட்டன. நேற்று வரைக்கும் இருந்த அழகிரியாக இருந்தால் அது வெளியே வந்திருக்கும்.

யார் போட்டுக் கொடுத்தது என்று இவரும் கேட்டால்? இந்தத் தடவை என்ன பதில் சொல்வது?

விரலை எடுத்தார். அடியில் கிடந்த இரண்டு பாதிகளையும் எடுத்து நீட்டினார்.

மணவாளன் பீஸையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

“என்னய்யா இது? உடைஞ்சிருக்கு!”

“ஆமா சார். உடைச்சுப் பாத்தது.”

“உள்ள கறுப்பா இருக்கே!”

“கசடு சார். நடுவுல தட்டி எடுக்காம மேல வரி போட்டுட்டேன். மத்த இடம் சுத்தமா இருக்கு, பாருங்க. அந்த ஒரு இடம் என் தப்பு.”

சொன்ன பிறகுதான் அழகிரிக்கு வேர்த்தது. வேலை கேட்டு வந்த இடத்தில் இப்படியும் ஒருத்தன் பேசுவானா! மச்சான் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். போகட்டும், நாற்காலி ஒன்று காத்திருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மணவாளன் உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். முகத்துக்கு வெகு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நீர்தான் போட்டீரா?”

“நான்தான் சார்.”

“நீர்தான் போட்டிருப்பீர்!” என்று கத்தினார் மணவாளன். “இரவல் வாங்கிட்டு வர்றவன் இப்படியா வாங்கிட்டு வருவான்? உள்ள வாரும்!”

உள்ளே இரண்டு தகடுகளைக் கொடுத்தார்கள். கொடுத்த மிஷின் பழகாத மிஷின். முதல் ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. அழகிரி மூச்சை இழுத்துவிட்டு, மிஷினில் கரண்ட்டைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி ஆரம்பித்தார். அப்புறம் சத்தம் சீராகிவிட்டது.

மணவாளன் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று நெருப்பைப் பார்க்கவில்லை. தள்ளி ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு வரி முடிந்து, அழகிரி முகத்தட்டை இறக்கிவைத்து, சின்னச் சுத்தியலை எடுக்கும்போது மட்டும் எழுந்து பக்கத்தில் வந்தார். அழகிரி தட்டினார். பிரஷ் போட்டார். குனிந்து பார்த்தார். ஒரு மூலையில் சந்தேகமாக இருந்தது. மறுபடி தட்டினார்.

“நேரமாவுதுய்யா!” என்றார் மணவாளன்.

“ஆவட்டும் சார்” என்றார் அழகிரி. சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

முடித்த பீஸை அங்கே யாரும் பளபளவென்று தேய்க்கச் சொல்லவில்லை. மணவாளன் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடும். சோத்துத் தூக்கு கொண்டு வாரும். இங்க கேண்டீன் கிடையாது!”

அழகிரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் கொட்டகைக்கு நடந்தார். வழியில் ஒரு கடையில் சூடாகப் பக்கோடா வாங்கிக்கொண்டார். பிரிட்டோவின் பீஸை முதலில் அவனிடம் கொடுத்தார்.

“காட்டுனீங்களாண்ணே?”

“இல்லப்பா. பத்திரமா வச்சுக்க” என்றார் அழகிரி. பிறகு, “உடைச்சும் பாத்துக்க” என்றார்.

டீச்சரிடம் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். ஃபோர்மேன் கத்தியதைக் கத்தியே காட்டினார். டீச்சர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டீர்களா என்று விசாரித்தார். ஆயிற்று என்றார் அழகிரி.

அவர் மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். உள்ள கசடு இருக்குன்னு உடைக்கறதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? நான் என்ன எக்ஸ்ரேயா?”

“அப்ப உள்ள சுத்தமா இருந்திருந்தா?”

“இன்னொரு பீஸ் கொண்டு வரச் சொல்லியிருப்பேன்.”

“அதையும் உடைச்சிருப்பீங்களா?”

“உடைச்சிருப்பேன்.”

“அதுவும் சுத்தமா இருந்திருந்தா?”

“அதுக்கு அடுத்தது.”

அழகிரி சிரித்தார். “எல்லாமே சுத்தமா இருந்திருந்தா, இவருக்கு எல்லாம் வந்துடுச்சுன்னு சந்தோஷமா அனுப்பி வச்சிருப்பீங்க.”

டீச்சர் விரலில் ஒட்டியிருந்த பக்கோடாத் தூளைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லண்ணே. இங்கயே வச்சிருந்திருப்பேன். தான் போட்ட பழுத ஒரு தடவகூடக் கண்ணால பாக்காத ஆளப் பாய்லர் பக்கத்துக்கு அனுப்பிட்டு, அப்புறம் எனக்கு எப்படிண்ணே தூக்கம் வரும்?”