தலைப்பால் நெருப்பைப் பிரிந்த கதை

அந்தக் காலத்தில் அடுப்பு நெருப்புக்கும் தேங்காய்ப்பாலுக்கும்கூட வாய் இருந்தது. அப்போது கடற்கரை ஊர் ஒன்றுக்குப் பவளக்கொடி என்று ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். அவள் அம்மா தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் இறால் சொதி தெருமுனை வரைக்கும் மணக்கும். அம்மா கண்ணை மூடியதும் அந்த ருசியும் கூடவே போய்விட்டது.

ஒருநாள் அண்ணன் கொம்பையா ஆள்விட்டுச் சொன்னான்: "நாளைக்குப் பொழுது சாயக் கப்பல் ஏறுறேன். திரும்பி வர எத்தனை வருஷமோ. மத்தியானம் அம்மா சொதியை ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன்."

விடிந்ததும் பவளக்கொடி அடுப்பை மூட்டிவிட்டாள். தண்ணிப்பாலில் இறாலும் சின்ன வெங்காயமும் வெந்தன. முதலில் பிழிந்து வைத்த கெட்டித் தலைப்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டாள். திரிதிரியாய்ப் பிரிந்தது. இன்னொரு சட்டி வைத்தாள். அதுவும் அப்படித்தான்.

புருஷன் எட்டிப் பார்த்தான். "ஏட்டி, சொதி வைக்கச் சொன்னா மோரைக் காய்ச்சி வச்சிருக்கே?"

"பேச்சை விட்டுட்டு அந்தக் கடைசித் தேங்காயை உடைங்க!"

மூன்றாவது சட்டி கொதித்தது. கிண்ணத்தைத் தூக்கினாள். உள்ளேயிருந்து பால் அலறியது. "வேண்டாம் தாயி! எங்க அக்காமார் ரெண்டு பேரும் போன கதியைப் பார்த்துட்டுத்தானே இருக்கேன்!"

நெருப்பு சிரித்தது. "ஊத்து, ஊத்து. என் கை படலேன்னா பச்சை வாடை அடிக்கும். உங்க அண்ணன் வாயில வைக்க மாட்டான்."

வாசலில் அண்ணன் குரல் கேட்டது. கிண்ணத்தைப் பிடித்தபடி யோசித்தாள். அம்மா எப்படித்தான் ஊற்றினாள்?

அம்மா சட்டியை மணலில் இறக்கி வைப்பாள். "ஓடியாங்க, நிலா உதிக்கப் போகுது!" என்பாள். அண்ணனும் தங்கையும் முட்டிமோதி உட்கார்ந்த பிறகு, மஞ்சள் குழம்பில் வெள்ளை வெளேரென்று பால் வட்டமாய் விரியும். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்றுதான் பவளக்கொடி இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

வெடுக்கென்று சட்டியை இறக்கினாள்.

"ஏய், எங்கே தூக்கிட்டுப் போறே?" நெருப்பு கத்தியது.

"இறாலோட உன் வேலை முடிஞ்சது. இனி பால்மேல கை வச்சே, தண்ணியை ஊத்திப்புடுவேன்!" என்றவள் வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஓடியா! நிலா உதிக்கப் போகுது!"

கொம்பையா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து குந்தினான். பால் விரிந்தது. பிரியவில்லை. ஒரு வாய் வைத்தான். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மச்சான், எனக்குக் கொஞ்சம் வையும்!" என்று புருஷன் பதறினான்.

அன்று முதல்தான் சொதிச் சட்டியை இறக்கி வைத்து, சாப்பிடுகிறவர்களைக் கூப்பிட்ட பிறகு தலைப்பாலை ஊற்றுகிறோம். வெற்று அடுப்பில் நெருப்பு சடசடவென்று முணுமுணுப்பதும் அன்று முதல்தான்.