வண்டியில இருக்கறேன்

"சாமி, காருல மாட்டியிருக்கற இந்தப் பாட்டுப் பொட்டியக் கழட்டி எறிஞ்சரலாம்னு இருக்கறனுங்க. அது வந்ததுல இருந்து மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டீங்குது."

சொன்னவரு நாச்சிமுத்து. கோழித்தீவன யாவாரி. மடத்துக்கு வந்தாலும் ஒரு காலு வாசல்லதான் இருக்கும், அப்படியொரு பறப்பு.

கேட்டுட்டிருந்தவரு கரட்டடி மடத்துச் சாமி. நாச்சிமுத்தை விட வயசுல சின்னவரு. கூடையை முன்னால வெச்சு மொச்சைக்காய் உரிச்சிட்டிருந்தாரு.

பொட்டி அப்படி என்ன பண்ணுச்சுன்னு சாமி கேட்டாரு.

நாச்சிமுத்து கொட்டித் தீத்துட்டாரு. காரோட கூடவே வந்த பழைய செட்டு தங்கமான செட்டு. பாடச் சொன்னாப் பாடும், நிறுத்துனா வாய மூடிக்கும். இந்தப் புதுசு அப்படியில்ல. ஃபோன் வந்தா நாலு கதவுலயும் மணியடிக்குது. கூப்பிடறது யாருன்னு கொட்டை எழுத்துல பேரைக் காட்டுது. ஃபோனைக் கையில எடுக்கவே வேண்டாம், செட்டுல ஒரு தட்டுத் தட்டுனா ஓட்டிக்கிட்டே பேசலாம்.

"நல்லதுதானுங்களே?"

"நல்லதுதானுங்க."

"வாங்குனது யாரு?"

நாச்சிமுத்து ஒரு மொச்சைத் தோலை எடுத்துக் கிள்ளிக்கிட்டே இருந்தாரு.

வாங்கி அனுப்புனது தங்கச்சி கலாமணி. அவ மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டுப் போனப்ப, இனி என் மூஞ்சியிலயே முழிக்காதேன்னு சொன்ன மனுசன் இவரு. அவ அதை எப்பவோ மறந்துட்டா. சொன்னவராலதான் மறக்க முடியல.

இப்ப அவளுக்கு ஒரு பொண்ணு. பள்ளிக்கூடம் போற வயசாகியும் இன்னும் காது குத்தல. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவேன்னு கலாமணி ஒத்தக் கால்ல நிக்கறா. நாள் கேட்டு ஃபோன் பண்ணுவா. என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறதுன்னு இவரு எடுக்க மாட்டாரு. மணி ஓஞ்ச பொறகு ஒரு வரி அனுப்புவாரு: வண்டியில இருக்கறேன்.

அட கெரகமே, கலாமணி அதை நம்பிருச்சு.

அண்ணன் பாவம் எந்நேரமும் வண்டியிலயே அலையறாரு, அவசரத்துல ஒத்தக் கையில ஃபோனை எடுத்து என்னமாச்சும் ஆயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்து, புருசனைக் கூட்டிட்டுப் போயி செட்டை வாங்கி, மாட்டறதுக்கு ஆளையும் அனுப்பி வெச்சிருக்கறா.

இத்தனையும் நாச்சிமுத்து வாய்விட்டுச் சொல்றதுக்குள்ள அரைக் கூடை மொச்சை உரிஞ்சு தீந்துச்சு.

"இருப்பே கொள்ளலீங்க சாமி. எப்ப மணியடிக்குமோ, எப்ப மணியடிக்குமோன்னே ஓட்டறேன். பழசையே மாட்டிட்டா நிம்மதிங்க."

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சாமி அதைச் சொல்லல. கையத் தொடச்சுட்டு, உங்க காருல ஒரு நடை போயிட்டு வரலாம் வாங்கன்னாரு.

போனாங்க. தாராபுரம் ரோடு ஏறுனதும் மணியடிச்சுது. கோழிப்பண்ணைக்காரரு. நாச்சிமுத்து ஒரு தட்டுத் தட்டி, நாளைக்கு மூட்டை வந்துரும்னாரு. அடுத்தது லாரி டிரைவர். அவனுக்கும் வழி சொன்னாரு. எத்தனை கணீர்னு கேக்குது பாத்தீங்களான்னு சாமிகிட்டப் பெருமை வேற.

மறுபடி மணி. செட்டுல கலாமணின்னு எழுத்து.

நாச்சிமுத்தோட கை செட்டு வரைக்கும் போச்சு. திரும்பி வந்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிச்சு.

மணி அடிச்சு ஓஞ்சுது. மறுபடி அடிச்சுது, ஓஞ்சுது. மணி பின்னாடியே தொரத்திட்டு வர்றாப்புல அவரு காரை வெரட்டுனாரு. பாலம் போச்சு, பெட்டிக்கடை போச்சு, மடத்துக்குத் திரும்பற பாதையும் போச்சு.

"செட்டு கெட்டுப் போச்சுங்களா?" சாமி கேட்டாரு.

"இல்லீங்க சாமி. வண்டியில இருக்கறமே, நிறுத்துன பொறகு பேசிக்கலாம்னு..."

பாதியிலயே தன் பேச்சு தன் காதுல விழுந்துருச்சு. மூஞ்சி செத்துப் போச்சு.

"அப்ப நிறுத்துங்க."

ஓரமா நிறுத்துனாரு. சாமி கைய நீட்டிச் சாவியத் திருகி உருவி, இடுப்புல செருகிக்கிட்டாரு. செட்டு அணைஞ்சுது. கதவைத் தொறந்து எறங்கி, வந்த வழியே நடையக் கட்டிட்டாரு.

"சாமி, சாவிங்க?"

சாமி திரும்பிப் பாக்கல.

வெயில்ல காரு அடுப்பாட்டம் காஞ்சுது. நாச்சிமுத்து கொஞ்சம் பொறுத்துப் பாத்தாரு. எறங்குனாரு. காரைச் சுத்தி வந்தாரு. சாமி போன தெசையில நாலு எட்டு வெச்சாரு, திரும்பி வந்தாரு.

சட்டைப் பையில ஃபோன் அடிச்சுது. கலாமணிதான்.

ஓடறதுக்கு ரோடு இருந்துச்சு. ஓட்டறதுக்குச் சாவி இல்ல. எடுத்துக் காதுல வெச்சாரு.

எடுப்பாருன்னு அவளும் நெனைக்கல போல.

"அண்ணா, வண்டியில இருக்கறீங்களாண்ணா? அப்பறம் கூப்பிடட்டுமா?"

நாச்சிமுத்துக்குக் கண்ணு பொலபொலன்னு கொட்டிருச்சு.

"இல்ல அம்மணி. நின்னுட்டேன்."