ராஜா கற்ற ஒற்றை இங்கிலீஷ் வார்த்தை

ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்களிடம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்கிறார்கள், எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸில் ஒரு தடவை, கல்யாணப் பந்தியில் ஒரு தடவை, மாமியார் வீட்டில்... சரி, அது எண்ணிக்கையில் அடங்காது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாட்டையே ஆண்டார் ஒரு ராஜா. பெயர் வீரகண்ட பூபதி. ஊர் ஆலங்கரை.

ஒரு வெள்ளைக்காரத் துரை அவர் அரண்மனைக்கு விருந்துக்கு வந்தார். அவருக்குப் போட்ட கட்டில் குட்டை. கால் இரண்டும் வெளியே தொங்கின. "சௌகரியமா இருக்கா துரை?" என்று ராஜா கேட்டார். துரை காலை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி "அட்ஜஸ்ட்" என்றார். வேறு கட்டில் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது. ஒரே வார்த்தையில் காரியம் முடிந்துவிட்டதே!

மறுநாளிலிருந்து எதற்கெடுத்தாலும் அதுதான் பதில். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறதா? அட்ஜஸ்ட். நனையாத மூலையில் உட்காருங்கள் என்று அர்த்தம். சிப்பாய் இரண்டு பேருக்கு ஒரு ஜோடி செருப்பா? அட்ஜஸ்ட். ஆளுக்கு ஒரு கால். ராஜாவின் குறட்டை தாங்கவில்லை என்று மகாராணி அழுதபோது, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று அர்த்தம். பொறு, சகி, வாயை மூடு, அப்புறம் வா, வரவே வராதே, எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். எந்த அர்த்தம் என்று கண்டுபிடிப்பது கேட்டவர் பாடு.

ஒருநாள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து செல்லக்கிளி என்ற பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு சபைக்கு வந்தாள். சபையில் மனு வாசிப்பவள் பூவாத்தாள். வாய்க்கொழுப்புக்குப் பேர் போனவள்.

"மகாராஜா, இருபது பேர் ஏறுற ஓடத்துல நாப்பது பேர் ஏறுறாங்களாம். சந்தைக்கு வர வேற வழி இல்லையாம். இன்னொரு ஓடம் வேணுமாம்."

"நேத்து ஓடம் சாஞ்சுடுச்சுங்க," என்றாள் செல்லக்கிளி. "தண்ணி கழுத்துக்கு வந்துச்சு. புள்ளையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு நின்னேன். இன்னும் பத்து நாள்ல மழை இறங்கிடும் ராஜா."

ராஜா மீசையை முறுக்கினார். "அட்ஜஸ்ட்!"

"எதைங்க? ஆத்தையா, புள்ளையையா?"

ராஜாவின் முகம் சிவந்தது. பூவாத்தாள் சட்டென்று குறுக்கே விழுந்தாள்.

"பாவம் மகாராஜா, அதுக்கு இங்கிலீஷ் பழக்கமில்ல. இவ்வளவு நல்ல வார்த்தை உங்க வாயில மட்டும் இருந்தா ஊர் எப்படிப் படிக்கும்? அரண்மனையில யாரும் யாருக்கும் இதையே பதிலாச் சொல்லலாம்னு ஒரு உத்தரவு போடுங்களேன்."

ராஜா உச்சி குளிர்ந்து உத்தரவில் முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை வெந்நீர் அண்டாவில் கை வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது. வேலைக்காரி கைகட்டி நின்று, "அட்ஜஸ்ட், மகாராஜா," என்றாள். நாவிதர் ஒரு பக்க மீசையை மட்டும் மழித்துவிட்டுக் கத்தியை மடக்கினார். "மறுபக்கம் நாளைக்குங்க. அட்ஜஸ்ட்." சாப்பாட்டில் உப்பில்லை. சமையல்காரர் வாயைத் திறக்குமுன் ராஜாவே எழுந்துவிட்டார்.

சபைக்கு வந்தால், சிங்காதனத்தில் ஏற்கெனவே செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், அவன் மடியில் ஒரு கோழிக்கூடை.

"கொஞ்சம் ஒட்டி உக்காருங்க மகாராஜா," என்றாள் பூவாத்தாள். "இவங்க ஓடத்துல இப்படித்தான்."

உத்தரவு அவருடையது. என்ன செய்வார்? ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார். கோழி அவர் கிரீடத்தைக் கொத்தியது. "ஒரு நிமிஷம் பிடிங்க," என்று செல்லக்கிளி பிள்ளையை அவர் மடியில் போட்டாள். அது சிரித்தது. அப்புறம் பட்டு வேட்டி நனைந்தது.

"ஐயோ, என்ன இது!"

"அட்ஜஸ்ட்!" என்றது சபை மொத்தமும்.

"இனிமேல் அந்த வார்த்தையைச் சொன்னவன் நாக்கை அறுப்பேன்!" என்று ராஜா கத்தினார்.

"வார்த்தை என்ன பண்ணுச்சு மகாராஜா?" என்றாள் பூவாத்தாள். "துரை தன் காலைத்தான் மடக்கிக்கிட்டார். நீங்க அடுத்தவங்க காலை மடக்கச் சொல்றீங்க. உத்தரவுல ஒரு வரி சேருங்க போதும். சொல்றவங்க முதல்ல செஞ்சு காட்டணும்."

ராஜா நனைந்த வேட்டியைப் பார்த்தார். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். முந்தாநாள் அதன் தாய் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பாதி மீசையோடு சிரித்தே விட்டார். வரி சேர்ந்தது. பூவாத்தாளுக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது. புது ஓடத்துக்கு மரம் அறுக்கச் சொன்னார்.

"அது முடியிற வரைக்கும்?" என்றாள் பூவாத்தாள், மாலையை மாட்டிக்கொண்டே.

ராஜா பெருமூச்சு விட்டார். தினமும் சாயங்காலம் தனியாக உலாப் போகிற தன் அன்னப் படகின் பூட்டுச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பழக்க தோஷத்தில் ஆற்றங்கரைக்குப் போனால், அன்னப் படகில் பத்தொன்பது பேர், ஒரு ஆடு, செல்லக்கிளியின் கோழிக்கூடை.

"ஏறுங்க மகாராஜா, இருபதாவது ஆள் நீங்கதான்," என்று செல்லக்கிளி நகர்ந்து இடம் விட்டாள். "ஆனா அந்தக் கிரீடத்தைக் கழட்டி மடியில வெச்சுக்கிறீங்களா? பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கரை தெரியலையாம்."