பாபநாசம் பஸ்ஸும் ஒரு பொத்தானும்

அம்பாசமுத்திரத்தில் நாச்சியார் டீச்சரிடம் கணினி கற்க வந்தவர்களில் எபநேசர்தான் மூத்தவர். டீச்சருக்கே அப்பா வயது இருக்கும். பொதுப்பணித் துறையில் அணைக்கும் மதகுக்கும் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவர். காதில் செருகிய பென்சில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரு நாள் காலை, சாரலில் நனைந்த குடையை மடக்கக்கூடச் செய்யாமல் உள்ளே வந்தார்.

"டீச்சர், ஒரு பொத்தானை நான் வச்ச இடத்துல நிக்க வைக்கிறது எப்படி?"

"முதல்ல குடையை வெளியே வையுங்க அண்ணாச்சி."

விஷயம் இதுதான். 'பலகை' என்றொரு மென்பொருள். திரையில் பொத்தான், பெட்டி, படம் என்று எடுத்து எடுத்து வைத்தால் போதும்; அதற்கான நிரலை அதுவே எழுதிவிடும். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் அதை வைத்துத்தான் பாடம் செய்தார்கள். அந்தப் பொத்தான்களையும் பெட்டிகளையும் தருவது டூல்கிட் என்கிற சாமான் மூட்டை. பள்ளிகளுக்கு வந்த புதுக் கணினிகளில் பழைய மூட்டை வேலை செய்யாது, வேறொன்று இருந்தது. பலகையைப் புது மூட்டைக்கு மாற்றித் தருகிறேன் என்று எபநேசர் ஏற்றிருந்தார்.

சிங்கம்பட்டிச் சுடலைமணி வாத்தியார் வருஷக்கணக்காகச் செய்து சேர்த்த பாடம் அத்தனையும் பலகையில்தான் இருந்தது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. "அது போச்சுன்னா மறுபடியும் செய்ய எனக்குத் தெம்பு இல்ல அண்ணாச்சி" என்று அவர் சொன்னபோது, "நான் பொறுப்பு" என்று எபநேசர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"பழைய பொத்தானுக்குப் புதுப் பொத்தான், பழைய பெட்டிக்குப் புதுப் பெட்டி, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திட்டேன் டீச்சர். ஆனா புதுசு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. நான் ஒரு இடம் சொல்லுதேன், அது பாட்டுக்குத் தள்ளிப் போயி உக்காருது."

"பிறகு?"

"விடுவேனா? ஒவ்வொண்ணுக்கும் இத்தனை அளவு தள்ளின்னு சொல்லி ஆணியடிச்சு நிறுத்திட்டேன். பழைய திரைமேல புதுத் திரையை வச்சுப் பாருங்க. மயிரிழை விலகாது."

டீச்சர் வைத்துப் பார்த்தார். விலகவில்லை.

"பின்னே என்ன கேள்வி?"

எபநேசர் தலையைச் சொறிந்தார்.

புதுக் கணினியில் எழுத்து கொஞ்சம் பெரிசு. 'மறுபடியும் முயற்சி செய்' என்ற பொத்தான் 'மறுபடியும் முய' என்பதோடு நின்றுவிட்டது. பொத்தானை அகலமாக்கினால் பக்கத்துப் பெட்டிமேல் ஏறியது. பெட்டியைத் தள்ளினால் அது படத்தின்மேல் ஏறியது.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "பிள்ளைங்க முயல் எங்கன்னு தேடப் போறாங்க."

"சிரிங்க டீச்சர். பாடம் பாடமா அளந்து அளந்து ஆணியடிச்சா என் ஆயுசு போதாது. ஆணி இல்லாம நிக்க ஒரு வழி சொல்லுங்க."

டீச்சர் கணினியை அணைத்தார். "வாங்க, பாபநாசம் போயிட்டு வருவோம்."

"திங்கக்கிழமைக்குள்ள..."

"பஸ் கிளம்பிரும். வாங்க."

பஸ் காலியாக நின்றது. மூன்று பேர் இருக்கையின் நடுவில் எபநேசர் தாராளமாக உட்கார்ந்தார். டீச்சர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு வேலை அண்ணாச்சி. பாபநாசம் வரைக்கும் இந்த இடத்தை விட்டு ஒரு விரக்கடை நகரக் கூடாது."

"இவ்வளவுதானா?"

காதுப் பென்சிலை எடுத்துத் தன் இரண்டு பக்கமும் இருக்கையில் கோடு கிழித்துக்கொண்டார். நேர்கோடு.

மார்க்கெட் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. ஒருவர் வாழைத்தாரும் தோளுமாக வந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி."

"தள்ள முடியாதுய்யா. கோடு இருக்கு பாரும்."

வாழைத்தார்க்காரர் குனிந்து கோட்டைப் பார்த்தார். "என்ன, சீட்டுக்குப் பட்டா வாங்கிட்டீரா?"

"வில்லங்கம் பார்த்து வாங்குனீங்களா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. எபநேசர் அசையவில்லை. வாழைத்தார்க்காரர் மிச்சம் இருந்த விளிம்பில் பாதி உடம்பை வைத்துக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். இடுப்பில் குழந்தை, கையில் பை, பை நிறைய ஈரத்துணி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் கிளம்பிய வேகத்தில் ஆடிப்போய்க் கம்பியைப் பிடித்தாள், அவ்வளவுதான்.

விக்கிரமசிங்கபுரம் தாண்டும்போதுதான் எபநேசர் தன்னைத் தானே பார்த்தார். ஜன்னலோரம் வந்திருந்தார். குழந்தை அவர் மடியில். காதில் இருந்த பென்சில் குழந்தை கையில். அது அவருடைய வெள்ளைச் சட்டையில் மும்முரமாக ஏதோ அணை கட்டிக்கொண்டிருந்தது. கோடு எங்கே என்று தேடினார். அதன்மேல் அந்தப் பெண் உட்கார்ந்து வாழைத்தார்க்காரரிடம் காய் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பாபநாசத்தில் இறங்கினார்கள். ஆற்றுச் சத்தம் கேட்டது.

"நகர்ந்தீங்களா?"

"நகர்ந்துட்டேன் டீச்சர்."

"எவ்வளவு?"

எபநேசர் வாயைத் திறந்தார். அளவு வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

"அது தெரியல. எனக்கு அடுத்தாப்புல அந்தம்மா. அவுங்களுக்கு அங்கிட்டு வாழைத்தார். பிள்ளை என் மடியில."

"அதுதானே தெரியணும்," என்ற டீச்சர், "டீ குடிப்போமா?" என்றார்.

டீ வந்தது, ஆறியது. எபநேசர் திடீரென்று எழுந்து, "டீச்சர், திரும்புற பஸ் எது?" என்றார். சட்டை முழுக்கப் பென்சில் கிறுக்கலோடு, முதல் ஆளாக ஏறினார்.

அன்றே ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். எது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பலகை இனி ஞாபகம் வைக்கவேண்டாம். எதற்குப் பக்கத்தில் எது, எதன் மடியில் எது என்பது போதும் என்று மாற்றினார். எது எங்கே என்று சொல்லப் பழைய பாடங்களில் அளவைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அளவுகளையே எடுத்து, ஒரே வரிசையில் இருந்தவற்றை ஒரே இருக்கைக்காரர்களாகச் சேர்த்தார். அவ்வப்போது தனியாகச் சிரித்தார். பக்கத்து அறையில் மற்ற மாணவர்கள், "அண்ணாச்சிக்கு என்னவோ ஆயிட்டு" என்றார்கள்.

திங்கட்கிழமை சிங்கம்பட்டியில், புதுக் கணினியின் முன்னால் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுடலைமணி வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாடத்தைத் திறந்தார். எபநேசர் அவர் பின்னால் போய் நின்றார்.

திறந்தது.

"எழுத்து தெரியல சார்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். வாத்தியார் எழுத்தைப் பெரிதாக்கினார். பொத்தான் வாயைத் திறந்து 'மறுபடியும் முயற்சி செய்' என்று முழுசாகச் சொன்னது. பெட்டி ஒதுங்கியது. படம் கொஞ்சம் ஒடுங்கி இடம் விட்டது. பிள்ளைகள் கைதட்டி, "இன்னும் பெரிசா! இன்னும் பெரிசா!" என்றார்கள்.

வாத்தியார் திரையை மேலும் கீழுமாகப் பார்த்தார். முகம் மாறியது.

"எல்லாம் இருக்கு அண்ணாச்சி. ஆனா நான் வச்ச இடத்துல ஒண்ணுகூட இல்லியே!"

எபநேசர், கூட வந்திருந்த டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் பிள்ளைகளின் பெஞ்சில், கடைசி நுனியில், மடியில் யாருடைய பையையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாராவது உக்கார இடமில்லாம நிக்காங்களா வாத்தியாரே?" என்றார் எபநேசர்.