மடத்து டிராக்டருக்கு எந்த பேட்டரி?

"எந்த பேட்டரி வாங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போலிருக்கு."

கோமதிநாயகம் வந்து நின்றபோது உலகம்மை அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

கரிசல் காட்டுக்கு நடுவே அவள் மடம். குருவான அவளுக்கு நாற்பது வயது, சீடரான கோமதிநாயகத்துக்கு அறுபது தாண்டியாச்சு. காலமெல்லாம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டவர், பெண்டாட்டி போனபிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டார். அவர் அம்மா என்பார், அவள் அண்ணாச்சி என்பாள். புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று முழிப்பார்கள்.

மடத்துக்கு ஒரு பழைய டிராக்டர் உண்டு. கனத்த வண்டி, யாரோ புண்ணியவான் தானமாக விட்டுப்போனது. அதற்கு நாயகம்தான் பாகன்.

"வண்டிக்கு என்ன?" என்றாள்.

"ஆயுத பூஜையிலேருந்து சாவியைத் திருப்பினா டக்குங்குது. அப்புறம் மௌனச் சாமியாராயிருது."

"பேட்டரி புதுசுதானே?"

"அதைத்தானே சொல்ல வந்தேன். பழசு செத்துப்போச்சுன்னு புதுசு போட்டேன், அதுவும் டக்கு. பெரிய இஞ்சினுக்கு இது பத்தாதுன்னாங்க. அதைக் கொடுத்துட்டு இன்னும் பெருசா வாங்கினேன். அது பேட்டரி வைக்குற தட்டுல உக்காரல. தட்டை வெட்டி உக்கார வச்சேன். அதுவும் டக்கு. கடைக்காரரு மீட்டர் வச்சுக் காட்டுதாரு, பேட்டரி நல்லாத்தான் இருக்காம்."

"இப்ப என்ன சொல்லுதாங்க?"

"என்னத்தச் சொல்ல? ரெண்டைச் சேத்து மாட்டுங்கான் ஒருத்தன். தண்ணி ஊத்துற பேட்டரிதான் உழைக்கும்ங்கான் இன்னொருத்தன். அடுத்த கடையில, தண்ணி ஊத்துறதை வாங்காதீரும்ங்கான். யாரும் பொய் சொல்ற மாதிரியும் தெரியல. எதை எடுக்கன்னு முழிச்சு நின்ன எத்தனை பொம்பளைங்களுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பிருக்கேன்! இன்னைக்கு நான் கடை கடையா முழிச்சுக்கிட்டு நிக்கேன்."

உலகம்மை சாம்பலைக் கூடையில் தட்டினாள்.

"மழை பெஞ்சு நிலம் பதமா கிடக்கு. நாளைக்குள்ள உழுது விதைக்கலன்னா ஈரம் போயிரும், வருஷம் பூரா மடத்துல அடுப்பெரியாது. ஊர்ல ஒரு டிராக்டரும் சும்மா இல்ல. நீங்க எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிருதேன்."

மடத்தில் இத்தனை பேர் சோறு தன்னால் கெட்டதென்று ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"வாங்க, பார்ப்போம்" என்று அவள் எழுந்தாள்.

டிராக்டர் புத்தம் புதுசாக மின்னியது. ஆயுத பூஜைக்கு நாயகம் தன் கையால் பெயிண்ட் அடித்திருந்தார். மயில்கழுத்துக் கலர். அந்தக் கலரைத் தேடித் திருநெல்வேலி வரைக்கும் போய்வந்தார்.

அவள் பேட்டரியைத் தொட்டுக் கும்பிடுவாள், ஒரு பேர் சொல்லுவாள் என்று அவர் நினைத்தார். அவளோ பேட்டரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து, வண்டியின் உடம்போடு பேட்டரியைச் சேர்த்து முடுக்கியிருந்த கறுப்பு ஒயரைக் காட்டினாள்.

"இது எதுக்கு?"

"எர்த்து ஒயரு. கரண்டு திரும்பி வர்ற வழி. வண்டி இரும்பைத் தொட்டுக்கிட்டு இருக்கணும்."

"தொடுதா?"

"நல்லா இறுக்கி முடுக்கியிருக்கேன்மா."

"தொடுதான்னு கேட்டேன்."

நாயகம் முழித்தார். இது என்ன கேள்வி? நான் பேட்டரியைக் கேட்டால் இவள் ஒயரைக் கேட்கிறாள்.

"கழட்டுங்க" என்றாள்.

ஸ்பேனர் எடுத்துக் கழற்றினார். ஒயர் உட்கார்ந்திருந்த இடம் மயில்கழுத்தில் வழுவழுவென்று இருந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? ஒரு இண்டு இடுக்கு விடல. நட்டு போல்ட்டு எல்லாத்தையும் கழட்டி, உள்ளயும் அடிச்சுத்தான் திரும்ப மாட்டினேன்."

அவள் அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"சுரண்டுங்க."

"எதை?"

"நீங்க அடிச்சதை."

"அம்மா, பேட்டரி கேட்டு வந்தவன்கிட்ட..."

"இரும்பு தெரியுற வரைக்கும்."

சொல்லிவிட்டுச் சாம்பல் அள்ளப் போய்விட்டாள்.

நாயகம் கத்தியும் கையுமாக நின்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபமும் வந்தது. இத்தனை பேர் ஆளுக்கொரு பேட்டரி சொன்னார்கள், இவள் ஒருத்திதான் அடித்த பெயிண்ட்டைச் சுரண்டச் சொல்கிறாள். ஆனாலும் குரு சொல்லியாகிவிட்டது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுரண்டினார்.

பெயிண்ட் உரிந்தது. அடியில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒயரை அதன்மேல் வைத்து முடுக்கினார். ஏறி உட்கார்ந்து, நம்பிக்கையே இல்லாமல் சாவியைத் திருப்பினார்.

வண்டி கர்ஜித்துக்கொண்டு எழுந்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. கீழே குதித்து அடுப்படிக்கு ஓடினார்.

"கிளம்பிருச்சும்மா! நான் அடிச்ச பெயிண்ட்டுதான் கரண்டை மறிச்சிருக்கு! அப்ப பழைய பேட்டரிய வீணா தூக்கிப் போட்டேனே! எதுல தப்புன்னே தெரியாம..."

"காட்டை உழப் போங்க அண்ணாச்சி. ஈரம் காயுது."

நாலு எட்டு போனவர் திரும்பினார்.

"சுரண்டின இடம் மொட்டையா கிடக்கே. துருப் பிடிச்சிராதா?"

"பிடிக்கும்."

"அப்ப?"

"மறுபடி சுரண்டணும்."