பேந்தலூரில் படம் சரிபார்த்த கதை

பேந்தலூர்க்காரர்கள் ஒரு வேலையை எடுத்தால் அதைக் கெடுக்காமல் விடமாட்டார்கள். ஊரின் பழைய படங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். எது இருக்கலாம், எது கூடாது என்பதை ஒரு மெஷின் பார்த்துக்கொண்டது. அது கோயில் கிடாவின் கொம்பை ஆயுதம் என்று சொல்லிப் படத்தையே அழித்துவிட்டது. அழித்தால் அழித்ததுதான், திரும்ப வராது.

பட்டணத்திலிருந்து மேலதிகாரி போனில் கத்தினார். "இனிமே மெஷினை நம்பாதீங்க. ஒவ்வொரு படத்தையும் மனுசன் நேர்ல ஒப்பிட்டுப் பார்க்கணும். நிஜத்தோட ஒத்துப்போகலைன்னா மட்டும் நீக்குங்க!"

உடனே மூன்று பேர் குழு. தலைவர் சடையப்பன், கூட தவசியும் பொன்னுரங்கமும். பதவி வந்த அன்றே சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டார். அவர் மனைவி அங்கம்மா மட்டும் எச்சரித்தாள். "நம்ம கல்யாணப் படம் நெட்டுல இருக்கிற ஒண்ணுதான் மிச்சம். வீட்ல இருந்ததைக் கரையான் தின்னுடுச்சு. அதையும் தொலைச்சிட்டு இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அந்தப் படம் என்றால் சடையப்பனுக்கும் உயிர்.

முதலில் வந்தது பெரிய ஏரியின் படம். மூவரும் போனைத் தூக்கிக்கொண்டு நேரில் போனார்கள். அங்கே பஸ் ஸ்டாண்ட் இருந்தது.

"தண்ணியே காணோமே!" என்றார் தவசி.

"எவனோ பொய்ப் படம் போட்டிருக்கான்" என்றார் பொன்னுரங்கம். அந்த பஸ் ஸ்டாண்டில்தான் அவர் கடை.

அவசரப்படவில்லை. பஸ்ஸுக்கு அடியிலும் குனிந்து தேடிவிட்டுத்தான் ஏரியை நீக்கினார்கள்.

ஆலமரப் படமும் போனது. அந்த இடத்தில் செல்போன் டவர் நின்றது. ஒண்ணாங்கிளாஸ் படத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினால் எல்லோருக்கும் மீசை. "பிள்ளைங்க எங்கடா?" என்று அதட்டிவிட்டு அதையும் நீக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டிய படம் ஒன்றுதான் தேறியது. கல் நட்டபடியே இருந்தது, மேலே ஒரு செங்கல்கூட ஏறவில்லை.

அடுத்தது கல்யாணப் படம்.

"மாப்பிள்ளைக்குத் தலை நிறைய முடி" என்றார் தவசி. "உங்களுக்கு?"

"இருந்துச்சுப்பா."

"ஏரியும்தான் இருந்துச்சுன்னு நாலு பேர் சொன்னாங்க. கேட்டோமா?"

சடையப்பன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "நான்தான்யா அது! வேணும்னா அங்கம்மாவைக் கேளுங்க!"

அங்கம்மா வந்தாள். படத்தைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். "படத்துல இருக்கிறவரு என்னைக் கண்ணு கலங்காம வச்சுக்கிறேன்னாரு. இவருதான் அவரான்னு எனக்கே ரொம்ப நாளாச் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு, உலை கொதிக்கிறது என்று போய்விட்டாள்.

பொன்னுரங்கத்தின் விரல் நீக்கும் பொத்தானுக்குப் போனது. பாவம், சடையப்பன் ஆயுளில் முதன்முறையாக மூளையைக் கசக்கினார்.

"நிறுத்துங்கப்பா! ரெண்டும் ஒத்துப்போகலை, சரி. தப்பு படத்து மேலதான்னு எப்படி முடிவு பண்ணினீங்க? படத்துல ஸ்டூடியோ முத்திரை இருக்கு. எம்மேல இருக்கா?"

இருவரும் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காது மடலுக்குப் பின்னாலும் பார்த்தார்கள். ஒரு முத்திரையும் இல்லை.

"அப்போ போலி நீங்கதான்!" என்றார் தவசி.

"அதைத்தானே சொல்றேன்!" என்று சடையப்பன் துள்ளிக் குதித்தார். படம் அசல், ஆள் போலி என்று தீர்மானமானது. முதலில் தூக்கிய கை தலைவருடையது.

பெரிய கண்டம் தப்பிய நிம்மதியோடு வீட்டுக்கு நடந்தார். வாசலுக்கு வந்ததும் தீர்மானம் ஞாபகம் வந்தது. படியை மிதிக்காமல் தெருவிலேயே நின்று தொண்டையைச் செருமினார்.

"அம்மா, வீட்ல சடையப்பன் இருக்காருங்களா?"

அங்கம்மா எட்டிப் பார்த்தாள். மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். "இன்னும் வரலை" என்றாள்.

"வந்தார்னா சொல்லுங்க, அவரோட கல்யாணப் படம் பத்திரமா இருக்கு."

அடுத்தவர் பெண்டாட்டியிடம் அதற்குமேல் பேச்சு வளர்ப்பது மரியாதையில்லை என்று, குழம்பு வாசனையை ஆழமாக இழுத்துக்கொண்டு, சடையப்பனைத் தேடிப் புறப்பட்டார்.